வெள்ளையடித்த கல் இருக்கும் இடத்தில் தோண்டவும்

போன வாரம் காலையில் பால் பாக்கெட் வாங்கக் கிளம்பியவள், அதை மறந்து அரைமணி நேரம் தெருமுக்கில் நின்றுவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகப் போட்ட சிமென்ட் ரோட்டை ஒரு இயந்திரம் துளைத்துக்கொண்டிருந்தது. வட்டமாக வெட்டி, உள்ளே இருந்து ஒரு கான்கிரீட் உருளையை உருவி எடுத்தார்கள். புட்டுக் குழலிலிருந்து புட்டைத் தள்ளுவது மாதிரி அத்தனை சுத்தமாக வந்தது. அந்த உருளையை அளந்தால் ரோட்டின் கனம் தெரிந்துவிடும்.

"ஆன்ட்டி, தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்" என்றார் அங்கே நின்ற இன்ஜினியர்.

"எந்த எடத்துல துளை போடணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"போன்ல ஆப் இருக்கு. அதுவா ஒரு எடத்தக் காட்டும். நாங்க அங்க போய்ப் போடுவோம்."

"பக்கத்துல கல்லு ஏதும் வச்சிருக்கா?"

"என்ன கல்லு ஆன்ட்டி?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலங்காத்தாலே தனியாக நின்று சிரிக்கிற அறுபது வயதுப் பொம்பளையைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ. நிஜமாகவே தெரியாமல் என்ன கல்லு என்று கேட்கிற இன்ஜினியரை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர். முப்பத்தோரு வருடம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஓவர்சியராக இருந்தேன். கிராமத்து ரோடு, சாக்கடை வாறுகால், சின்னப் பாலம் எல்லாம் போடும்போது பக்கத்தில் நின்று டேப் பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நான் எழுதினால்தான் காண்ட்ராக்டருக்குப் பில். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில்தான் மொத்த சர்வீசும் போனது. எந்த யூனியன் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வேண்டாதவர்களும் இருக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் கான்கிரீட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மூட்டை சிமென்டுக்கு எவ்வளவு மணல், எத்தனை நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும் எல்லாம் மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அத்தனையும் ஒரு கொத்தனாரிடம் தோற்றுப்போனது.

செண்பகத்தோப்புப் போகிற பாதையில் ஒரு சின்ன சிமென்ட் ரோடு. அப்போது இந்த மாதிரி இயந்திரம் கிடையாது. சம்மட்டியும் உளியும் வைத்து ரோட்டின் நடுவில் ஒரு குழி உடைத்து, ஸ்கேல் விட்டு ஆழத்தைப் பார்ப்போம். ஆறு அங்குலம் இருக்க வேண்டும். நான் புதுச் செருப்பும் புது டேப்புமாக விறுவிறுவென்று நடந்து போய், "இங்க உடைங்க" என்றேன்.

கொத்தனார் பதறிப்போனார். "அக்கா, அங்கன வேண்டாம். இங்கன உடைப்போம். இங்கன நெழலா இருக்குல்லா."

நான் நின்ற இடத்தில்தான் புளியமரத்து நிழல் இருந்தது. அவர் காட்டிய இடத்தில் வெயில் பொரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் பின்னாலிருந்து எங்கள் உதவிப் பொறியாளர் ராஜு சாரின் குரல் வந்தது.

"அம்மா எஸ்தர், அவரு சொல்ற எடம்தான் நெழல்."

திரும்பிப் பார்த்தேன். சார் பாலத்துக் கட்டையில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் காட்டிய இடத்தை மறுபடி பார்த்தேன். ரோட்டோரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அங்கே உடைத்தோம். சொல்லிவைத்த மாதிரி ஆறு அங்குலம் இருந்தது.

சூட்சுமம் இதுதான். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஆறு அங்குலப் பலகை நிறுத்தித்தான் கான்கிரீட் கொட்டுவார்கள். பக்கவாட்டில் நின்று பார்க்கிறவனுக்கு ரோடு ஆறு அங்குலம். நடுவில் மண்ணை மேடாக விட்டுவிட்டால் பாதி கான்கிரீட் மிச்சம். ஆனால் குழி உடைத்துப் பார்ப்பார்களே? அதற்காக நடுவில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அங்கே முழுக் கனம் போடுவார்கள். அந்த இடம் பொறவு தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு நேராக ஓரத்தில் ஒரு கல்லை வைத்து வெள்ளையடித்துவிடுவார்கள். இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. கல் இருக்கும், அதன் பக்கத்தில் தோண்டுவார்கள், அவ்வளவுதான்.

ராஜு சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், பயம் வந்தால் இரண்டும் கலந்து வரும். காண்ட்ராக்டர் வாங்கிக் கொடுக்கிற டீயைத் தொடமாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி, கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளர். தீபாவளிக்கு எவனாவது ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தால் வாசல் கதவைத் திறக்கமாட்டார். ஒரு பைசா வாங்காத மனுஷன். அதே மாதிரி ஒரு கேள்வியும் கேட்காத மனுஷன். குழி உடைக்கிற நேரத்தில் அவர் ஒன்று கண்ணாடி துடைப்பார், இல்லை மேற்குத்தொடர்ச்சி மலையில் மேகம் இறங்குதா என்று பார்ப்பார். "எவ்வளவும்மா?" என்பார். நான் "ஆறு சார்" என்பேன். "சந்தோஷம்" என்று கையெழுத்துப் போடுவார். சந்தோஷத்துக்கு முகத்தில் ஒரு அடையாளமும் இருக்காது.

அவரைச் சொல்கிறேனே, நான் என்ன வாழ்ந்தது? நானும் காசு வாங்கவில்லை. வாங்காமலே தப்புப் பண்ண எங்கள் டிபார்ட்மென்டில் நல்ல வசதி உண்டு. கல்லுக்குப் பக்கத்தில் அளந்தேன், அளந்ததை எழுதினேன். எழுதியது பொய்யில்லை என்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆட்சிகள் வந்தன, போயின. காண்ட்ராக்டர்கள் காரில் கட்டுகிற கொடியை மாற்றினார்கள். வெள்ளைக் கல்லை மட்டும் எந்த ஆட்சியும் மாற்றவில்லை.

கடைசியில் அதைச் சோழபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் அசனச் சோறு ஆக்கிய பொம்பளைகள் மாற்றினார்கள்.

அந்த ஊரில் ஒரு தெரு. ஒரு கோடியில் சின்ன தேவாலயம், மறுகோடியில் அடிகுழாய். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து இருக்கிற முப்பது நாற்பது வீடு. மழை பெய்தால் தெரு வயலாகிவிடும். அங்கே ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் செல்லையா. நூல் மில்லில் வேலை பார்த்து நின்றுவிட்டவர். அவர் கட்சி ஆட்சிக்கு வராத காலத்திலிருந்தே, "நம்ம ஆட்சி வரட்டும், ஒங்களுக்கு ரோடு என் பொறுப்பு" என்று வீடுவீடாக வாக்குக் கொடுத்து ஓட்டுக் கேட்டவர். ஆட்சி வந்தது, ரோடு வரவில்லை. அவர் தெருவில் இறங்கினால் பொம்பளைகள் விடமாட்டார்கள்.

"ஏ கிளை! ரோடு எந்தக் கிளையில தொங்குது?"

"நம்ம செல்லையா அண்ணன் ரோட்ட மடிச்சுப் பையில வச்சிருக்காக. கேட்டா எடுத்து விரிப்பாக."

மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு போவார். அதற்காக விட்டுவிடவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு எத்தனை தடவை வந்திருப்பார் என்று கணக்கில்லை. என் மேஜைக்கு எதிரே நின்று, "ஓவர்சியரம்மா, எனக்காக இல்ல. தெருவுல நான் வாய் கொடுத்துட்டேன்" என்பார். ஒரு வழியாக ரோடு அனுமதியானது. காண்ட்ராக்ட் எடுத்தது அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளரே. எங்கள் பக்கம் கட்சிக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, பதவிதான் பெயர். அவரை எல்லோரும் 'ஒன்றியம்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ரோடு போட்டு முடித்த அன்று செல்லையா ஓரத்தில் குனிந்து, விரலால் கனத்தைத் தடவித் தடவிக் காட்டினார். "பாருங்கம்மா, ஆறு அங்குலம்! நம்ம ஆளு போட்டதுல்லா." கண் கலங்கியிருந்தது. நான் மூன்று வெள்ளைக் கல்லையும் பார்த்தேன். ஒன்று மின்கம்பத்தடியில், ஒன்று அடிகுழாய் பக்கம், ஒன்று ஒரு காலிமனைக்கு எதிரே. கல் பக்கத்தில் குழி உடைத்து, ஆறு என்று எழுதினேன். குழியைப் பூசி மூடினார்கள். போகும்போது ஒன்றியம், செல்லையாவிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார். "ஏலே செல்லையா, மேலிடத்துலருந்து தரம் பாக்க வருவாங்க. அது வரைக்கும் இந்தக் கல்லு மூணும் காணாமப் போகாமப் பாத்துக்கோ."

எதற்கு என்று சொல்லவில்லை. செல்லையாவும் கேட்கவில்லை. கட்சி சொன்னால் காரணம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மேலிடத்து அதிகாரி வருகிற நாளுக்கு முந்தைய வாரம் தேவாலயத்தில் அசனம். ஊருக்கே சோறு ஆக்கிப் போடுகிற திருவிழா. அண்டா வைக்க அடுப்புக்கல் தேவை. பாக்கியம் என்ற அக்காதான் சமையலுக்குத் தலைமை. தெருவில் நல்ல உருளையாக மூன்று கல் கிடக்கிறதே என்று செல்லையாவைக் கேட்டார். அவர் யோசித்தார். காணாமல் போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள், கண் முன்னால் அடுப்பில் இருந்தால் காணாமல் போனதாகுமா? "எடுத்துக்கோ. கரி படிஞ்சா நீதான் வெள்ளையடிக்கணும்" என்று கொடுத்துவிட்டார்.

சொன்ன சொல் தவறாத அக்கா. அசனம் முடிந்ததும் கல்லைத் தேய்த்துக் கழுவி, முன்னைவிடப் பளிச்சென்று வெள்ளையடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி வருகிற தெரு லட்சணமாக இருக்கட்டும் என்று செல்லையா யோசித்து யோசித்து வைத்தார். ஒன்று தேவாலய வாசலில், ஒன்று தன் வீட்டுக்கு எதிரே. நல்லதாகப் பார்த்து ஒன்றைத் தன் கட்சிக் கொடிக்கம்பத்தடியில் வைத்தார்.

ஆய்வு நாளன்று நானும் ராஜு சாரும் முன்னாடியே போய்விட்டோம். தெருவுக்குள் நுழைந்ததும் என் கண் கல்லைத்தான் தேடியது. கல் மூன்றும் இருக்கிறது, ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை. பாக்கியம் அக்கா வலிய வந்து பெருமையாகக் கதை முழுதும் சொன்னார். நான் சாரிடம் ஓடினேன். அளவுப் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து. குழி வேறு இடத்தில் விழுந்தால் முதல் மெமோ எனக்கு, அடுத்தது அவருக்கு.

"சார், கல்லு எடம் மாறியிருக்கு."

ராஜு சார் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கல்லும்மா?"

"வெள்ளக் கல்லு சார்!"

"எனக்குத் தெரியாதே. நீ ஏதாவது கல்லு வச்சியா?"

பயத்தில் சொன்னாரா, குசும்பில் சொன்னாரா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தமிழில் மட்டும் பேசினார், தெலுங்கு ஒரு வார்த்தை கலக்கவில்லை. நான் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒரு மூலையில், அநியாயமாக, சிரிப்பும் வந்தது.

ஒன்றியம் வந்து இறங்கினார். கூட போட்டோகிராபர், இரண்டு கிரேட் கலர் சோடா. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு இருந்த சமயம். தெருவையே கூட்டி நிறுத்தச் சொல்லியிருந்தார். கல்லை எல்லாம் அவர் கவனிக்கவில்லை. ஜனங்களைப் பார்த்தால் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது. மதுரையிலிருந்து வந்த அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"சார், எங்க வேணும்னாலும் தோண்டுங்க!" என்று ஒன்றியம் மேடைக் குரலில் சொன்னார். "நம்ம ஆட்சியில ஒளிவு மறைவே கெடையாது!"

செல்லையாதான் முதலில் கைதட்டினார்.

அதிகாரி தலையாட்டிவிட்டு, அவரும் டிபார்ட்மென்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்தானே, நேரே தேவாலய வாசல் கல்லுக்குப் போய்க் குடை முனையால் ரோட்டின் நடுவைத் தொட்டார். "இங்க." சம்மட்டி விழுந்தது. நாலைந்து அடியிலேயே உளி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஸ்கேலை விட்டேன். மூன்றே கால் அங்குலம். அதிகாரி என்னைப் பார்த்தார், நான் ராஜு சாரைப் பார்த்தேன், ராஜு சார் மேகத்தைப் பார்த்தார். ஆத்திரத்தோடு அதிகாரி அடுத்த கல்லுக்கு நடந்தார். அது கொடிக்கம்பத்தடி. அங்கே மூன்று அங்குலம்.

அப்போதுதான் ஒன்றியத்துக்கு விஷயம் உறைத்தது. முகம் வெளுத்து, "சார், சார்! கல்லு எடம் மாறியிருக்கு சார்!" என்று கத்திவிட்டார்.

"எந்தக் கல்லு?" என்றார் அதிகாரி.

"இந்த வெள்ளக் கல்லு! இங்க இல்ல சார் இது!"

முழுத் தெருவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதிகாரிக்கு வேறு வழியில்லை. "கல்லு எங்க இருந்தா ஒமக்கென்ன? கல்லுக்கும் ரோட்டுக் கனத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

ஒன்றியம் செல்லையா பக்கம் பாய்ந்தார். "ஏலே, கல்ல ஏம்லே மாத்துன? கல்லப் பாத்துக்கன்னுதானலே சொன்னேன்?"

செல்லையா குழிப் பக்கம் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டு விரலால் அளந்தார். கல்லைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்குப் புரிவது எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டேப்பைச் சுருட்டினேன். வாரம் தவறாமல் என் மேஜைக்கு எதிரே நின்ற மனுஷன். அவரிடம் கல் எதற்கு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அண்ணாச்சி" என்றார் ஒன்றியத்தைப் பார்த்து. "அந்த மூணு எடம் போக மிச்சத் தெரு பூரா இம்புட்டுத்தானா?"

"வீட்டுக்கு வா, பேசிக்கிடுவோம்."

"இங்கனயே சொல்லுங்க. தெரு நிக்குதுல்லா."

அதிகாரி அறிக்கை எழுதினார். குழி உடைத்ததற்குத் தெருவாசி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பேப்பரை நீட்டியதும் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. கலர் பாட்டிலைக் கையில் வைத்திருந்தவர்கள்கூட அதைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒன்றியம் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி இல்லையென்றால் அறிக்கை பாதி செத்த மாதிரி. மதுரைக்குப் போகிற வழியிலேயே மீதியும் செத்துவிடும்.

"எங்கிட்டக் குடுங்க" என்றார் செல்லையா.

"ஏலே, வேண்டாம். கட்சி மானம் போயிரும்" என்றார் ஒன்றியம்.

"அதுக்குத்தான் போடுதேன் அண்ணாச்சி."

பேப்பரை என் அளவுப் புத்தகத்தின் மேல் வைத்து எழுதினார். பெயரை எழுதி முடித்ததும் நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'கிளைச் செயலாளர்' என்று எழுதி, கட்சிப் பெயரையும் முழுசாக எழுதினார்.

"பேரு மட்டும் போதும்யா" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார். தெருவுல வாக்குக் குடுத்தது வெறும் செல்லையா இல்ல."

பாக்கியம் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோடு எந்தக் கிளையில் தொங்குது என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை.

எனக்கும் சாருக்கும் மெமோ வந்தது. இருவருக்கும் ஒரு இன்க்ரிமென்ட் போனது. அது நியாயம்தான். ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்த அன்று ராஜு சார் பிளாஸ்கைத் திறந்து, முதல் தடவையாக, தன் டம்ளரில் எனக்குக் காபி ஊற்றினார். "ஏமம்மா எஸ்தர், முப்பது வருஷமா நான் கேக்காத கேள்விய, கல்லுக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம்னு, அந்த ஆளு குடையப் புடிச்சுக்கிட்டு சுளுவா கேட்டுட்டாரே" என்றார். காபி நன்றாக இருந்தது.

ரோட்டை முழுசாக உடைத்து, ஒன்றியத்தின் செலவிலேயே மறுபடி போட வைத்தார்கள். இந்தத் தடவை மண் வெட்டியதிலிருந்து நான் வெயிலில் நின்றேன், எனக்குப் பக்கத்தில் செல்லையா ஒரு இரும்பு ஸ்கேலோடு நின்றார். நடுவில் மேடு தெரிந்தால் அவரே மண்வெட்டியை வாங்கி வெட்டினார். ரோடு இன்னும் நிற்கிறது. ஒரு மாதத்தில் கட்சியில் அவர் பதவியைப் பறித்துவிட்டார்கள். ஒன்றியம் ஒன்றியமாகவே இருந்தார்.

அதற்கு அப்புறம் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் செல்லையாவைப் பார்த்தேன். இடுப்பில் அதே கட்சிக் கரை போட்ட வேட்டி. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, பதவியத்தான் பிடுங்கிட்டாங்களே. இன்னும் எதுக்கு இந்த வேட்டி?"

மனுஷனுக்கு வந்ததே கோபம். பையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை ஒரு உதறு உதறி இறுக்கிக் கட்டினார்.

"நான் எதுக்கும்மா அவுக்கணும்? ரோட்டத் தின்னவன்லா அவுக்கணும்."